கந்தையும் சீவரமும்: நிலைபேறான வாழ்வு பற்றிய ஒரு பாடம்



இம்முறை நாம் பாடமாகக் கொள்வது "நிலைபேறு" என்னும் சொல். செய்தித்தாளிலும் வானொலியிலும் பள்ளிப் புத்தகத்திலும் இச்சொல் இன்று பெரிதும் வழங்குகின்றது. சுற்றுச்சூழலைப் பேணும் எண்ணமுடையோர் உண்பது, உடுப்பது, வாங்குவது, எறிவது ஆகிய எல்லாவற்றையும் இச்சொல்லை அளவுகோலாகக் கொண்டு அளந்து பார்க்கின்றனர். நம் வாசகர்களில் சிலரோ, சிறப்பாக இளைஞர்கள், "இது வயிறு நிறைந்தவர்கள் பேசும் பேச்சு. குறைவாக உண், பழையதை உடு என்று நமக்கு இனியும் ஒருவர் போதிக்க வேண்டுமா? தலைமுறை தலைமுறையாக அதைத்தானே செய்து வந்தோம்?" என்று வினவுகின்றனர். இவ்வினா தள்ளத்தக்கதன்று. இதனை முன்வைத்தே பாடத்தைத் தொடங்குவோம்.

1. சொல்லும் பொருளும்

1972 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், மனிதச் சூழல் பற்றி ஐக்கிய நாடுகள் சபை ஒரு மாநாடு கூட்டியது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1987 இல், நார்வே நாட்டுப் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையில் அமைந்த ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. அவ்வறிக்கை கூறிய கருத்து எளியது: இன்று வாழ்வோரின் தேவை நிறைவேற வேண்டும், அதனால் நாளை பிறப்போரின் தேவைக்கு ஊறு நேரலாகாது. இதனைப் பலரும் அறிவர். ஆனால், "தேவை" எனும்போது ஏழைகளின் இன்றியமையாத் தேவைகளுக்கே முதலிடம் தர வேண்டுமென்றும் அதே அறிக்கை கூறியிருக்கின்றது. இந்தப் பகுதியை மேடையில் எடுத்துச் சொல்வோர் மிகச் சிலரே. நம்மவர் மறவாது மனத்தில் இருத்த வேண்டியது இப்பகுதியே.

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் புதிதன்று. 1892 இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள் சிறையிலிருந்தபோது எழுதி, 1945 இல் வெளிவந்த நூல் நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றியதே. எடுப்பதோடு நின்றுவிடும் வாழ்க்கை ஒரு வகை. எடுத்ததற்கு ஈடாகத் திருப்பித் தரும் வாழ்க்கை இன்னொரு வகை என்று அவர் பிரித்துக் காட்டினார்.

எடுப்பதோடு நின்றுவிட்ட தொழில் எப்படி முடியும் என்பதற்குக் கோலார் தங்கவயலே சான்று. 1880 ஆம் ஆண்டையொட்டி அங்கே பெருஞ்சுரங்கத் தொழில் தொடங்கிற்று. வடஆர்க்காடு முதலிய இடங்களிலிருந்து நம் முன்னோர் சென்று, பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழத்திற்கும் கீழே இறங்கிப் பாறை உடைத்தனர். 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போன இடம் வேறு. ஊரில் எஞ்சியது, தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மண்மேடுகள். காற்றடித்தால் அம்மண் வீடுகளின் மேல் படிகின்றது. பிழைப்புத் தேடி ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். ஒரு தலைமுறை எடுத்தது. மறு தலைமுறைக்கு மேடு கிடைத்தது. நிலைபேறு இல்லாமை என்பதன் பொருள் இதுவே.

2. நான்கு வினாக்கள்

சூழலைப் பேணுவோர் தம் அன்றாட வாழ்க்கையில் கைக்கொள்ளும் முறையை ஆராய்ந்தால், அது நான்கு வினாக்களில் அடங்குவதைக் காணலாம். இப்பொருள் எங்கிருந்து வந்தது? எவ்வளவு காலம் உதவும்? பயன் முடிந்தபின் எங்கே செல்லும்? அதனை யாருடைய கை சுமக்கும்? இவற்றை எல்லாரும் அறிந்த ஒரு பொருளின்மேல் வைத்துப் பார்ப்போம். நூற்பாலையில் பல்லாண்டுகள் உழைத்தமையால் துணியையே எடுத்துக்கொள்கிறோம்.

முதல் வினா: எங்கிருந்து வந்தது? ஒரு பருத்திச் சட்டைக்கு, பருத்தி விளைவதிலிருந்து துணியாகிக் கைக்கு வரும் வரை, ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகின்றதென்று உலக அளவில் கணக்கிட்டுள்ளனர். நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குடிக்கும் ஒருவருக்கு அது 900 நாட்களுக்குப் போதும். நீரோடு கதை முடியவில்லை, சாயமும் உண்டு. திருப்பூரின் சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்திற்கென்று 1992 இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவு தேங்கும் இடமாயிற்று. 2011 ஜனவரியில், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கத் தவறிய சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைகள் மூடியபோது கூலியாட்கள் வேலை இழந்தனர். திறந்திருந்தபோது உழவர் நிலம் இழந்தனர். மலிவு விலைச் சட்டையின் விலைச்சீட்டில் இவ்விரண்டு இழப்புகளும் எழுதப்படவில்லை.

இரண்டாம் வினா: எவ்வளவு காலம் உதவும்? ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பொருளியல் அறிஞர் இ. எஃப். சூமாக்கர், 1955 இல் பர்மா அரசுக்கு ஆலோசகராகச் சென்றவர். அங்குக் கண்டவற்றை எண்ணிப் பின்னர் "பௌத்தப் பொருளியல்" என்னும் கட்டுரையை எழுதினார். 1973 இல் வெளிவந்து புகழ்பெற்ற அவருடைய நூலில் அக்கட்டுரை இடம்பெற்றுள்ளது. நுகர்வு குறைந்தும் நலம் நிறைந்தும் இருப்பதே சிறந்த பொருளாதாரம் என்பது அவர் முடிவு. அதற்கு அவர் காட்டிய உதாரணமும் துணியே. வெட்டித் தைக்காத துணியை அழகுற உடுத்துவதால் உழைப்பும் பொருளும் மிச்சமாகும் என்றார். நம் வேட்டியையும் சேலையையும் எண்ணிப் பார்க்க. உடல் பெருத்தாலும் இளைத்தாலும் அவை பயன்படும், தாயுடையது மகளுக்கும் ஆகும், கிழிந்தால் தொட்டிலாகும்.

மூன்றாம் வினா: பயன் முடிந்தபின் எங்கே செல்லும்? வினயபிடகத்தின் சுல்லவக்கத்தில் இதற்கு விடையாக ஒரு வரலாறு உள்ளது. கோசாம்பி நகரில் உதயண மன்னனின் அரண்மனை மகளிர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு சீவரங்களைத் தானம் செய்தனர். ஒரு பிக்குவுக்கு இத்தனை எதற்கு என்று மன்னன் ஐயுற்று, தேரரையே கேட்டான். சீவரம் நைந்துபோன பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்பதாகத் தேரர் சொன்னார். அவர்களுடைய பழைய சீவரங்கள் என்னவாகும் என்று மன்னன் மேலும் வினவினான். அவை படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தை உறையாகும். பழைய உறை தரை விரிப்பாகும். அது கால் துடைக்கும் துணியாகும். அதுவும் நைந்தால் தூசு தட்டும் துணியாகும். கடைசியில் துண்டுகளாக்கி, மண்ணோடு பிசைந்து, தரை பூசப் பயன்படும் என்று படிப்படியாக விடை வந்தது. மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு வழங்கினான். துணியின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பயன் கண்டு, முடிவில் அதனை மண்ணுக்கே திருப்பித் தந்த கணக்கு இது. அக்காலத் துணி மண்ணில் மட்கிற்று என்பதையும் கருதுக. பாலியெஸ்டர், நைலான் கலந்த இன்றைய துணி அவ்வாறு மட்குவதில்லை. ஆதலால் வாங்கும்போதே அதன் முடிவையும் எண்ண வேண்டியிருக்கின்றது.

ஆலைத் தொழிலாளர் இக்கணக்கைக் கண்ணாற் கண்டவர்கள். நூற்பாலையில் பஞ்சு கீழே விழுந்தாலும் வீணாவதில்லை. எந்த எந்திரத்தடியில் விழுந்தது என்று பார்த்துத் தனித்தனியே சேர்ப்பர். நல்ல மென்பஞ்சு மீண்டும் கலவைக்குச் செல்லும். தாழ்ந்தது தடித்த நூலாகும். முறுக்கேறிய நூற்கழிவு எந்திரத்தின் எண்ணெய் துடைக்கப் போகும். நாளின் முடிவில் கழிவு இத்தனை கிலோ என்று ஏட்டில் பதிவாகும். ஆனால் நாம் உழைத்த ஆலையில் அந்த ஏட்டில் வேறொரு கழிவு பதிவாகவில்லை. பஞ்சுத் தூசு நெஞ்சில் அடைத்து, வார விடுமுறைக்குப் பின் திங்கட்கிழமை வேலைக்கு வந்தவுடன் மூச்சுத் திணறும் நோய் தொழிலாளரிடையே இருந்தது. மருத்துவர் அதனைப் பிஸினோசிஸ் என்பர். பஞ்சின் ஒவ்வொரு இழைக்கும் கணக்கு உண்டு. பஞ்சைச் சுவாசித்தவனுக்குக் கணக்கில்லை. இக்குறை நாலாவது வினாவிற்கு நம்மை இட்டுச் செல்கின்றது.

நாலாம் வினா: யாருடைய கை சுமக்கும்? நாம் எறிவது மறைந்துவிடுவதில்லை. இன்னொருவர் கைக்குச் செல்கின்றது. இந்த நாட்டில் அந்தக் கை எந்தக் குலத்தின் கை என்பதைப் பிறப்பே முடிவு செய்து வந்தது. மனிதர் மலத்தை மனிதரே அள்ளும் கொடுமையை 1993 இலும், பின்னர் விரிவாக 2013 இலும் சட்டங்கள் தடை செய்தன. இக்கொடுமையை ஒழிக்கப் போராடி 2016 இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் அவர்கள் பிறந்த ஊர், மேலே நாம் கூறிய அதே கோலார் தங்கவயல். தங்கம் எடுத்த ஊரிலும் மலம் சுமக்கும் வேலை ஒரு குலத்தின்மேலேயே விழுந்திருந்தது.

புனே நகரில் குப்பை பொறுக்கும் தொழிலாளர் 1993 இல் சங்கம் அமைத்தனர். அவர்களில் பெரும்பாலோர் தலித் மகளிர். பின்னர் அவர்களே உறுப்பினராகவும் உரிமையாளராகவும் உள்ள கூட்டுறவு அமைப்பு உருவாகி, வீடு வீடாகச் சென்று குப்பை பெறும் பணியை நகராட்சி ஒப்பந்தத்தின்படி மேற்கொண்டது. அவர்கள் இல்லத்தாரிடம் வைத்த வேண்டுகோள்களில் ஒன்று மிகச் சிறியது: மாதவிலக்குத் துணியைக் காகிதத்தில் சுற்றி, மேலே ஒரு சிவப்புப் புள்ளி இட்டுத் தருக என்பது. புள்ளியைக் கண்டால் கையால் பிரிக்காமல் ஒதுக்கிவிடலாம். இதற்குச் செலவு எதுவுமில்லை. அப்பொட்டணத்தை ஒரு பெண்ணின் கை எடுக்கும் என்ற நினைவு இருந்தால் போதும். முதல் மூன்று வினாக்களை மட்டும் கேட்பவர் பொருளைப் பேணுகின்றார். நாலாவதையும் கேட்பவரே மனிதரையும் பேணுகின்றார்.

3. நம் நெஞ்சில் எழும் தடை

இப்போது தொடக்கத்தில் கண்ட வினாவிற்குத் திரும்புவோம். பழையதைப் பயன்படுத்துக என்றவுடன் நம்மவர் நெஞ்சு ஏன் சுருங்குகின்றது? காரணம் உண்டு. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், சண்டாளர் ஊருக்கு வெளியே வாழவும், பிணத்தின் துணியை உடுக்கவும், உடைந்த கலத்தில் உண்ணவும் விதித்தது. பழந்துணியும் உடைகலமும் நமக்குச் சிக்கனமாக வரவில்லை, தண்டனையாக வந்தன. பண்டிகை நாளில் மேல்வீட்டார் தூக்கிப் போட்ட கிழிசலை இரு கையேந்தி வாங்கியவரின் பேரன், புதுச் சட்டை ஒன்றை விரும்பி வாங்குவதை வீண் ஆடம்பரம் என்று எவரும் ஏசலாகாது.

ஆனால், இதே கந்தைக்குப் பௌத்தத்தில் வேறொரு வரலாறு உண்டு. குப்பை மேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணியைத் துவைத்துத் தைத்து உடுத்தவர்கள் பிக்குகள். அவர்களில் அரச குலத்தினரும் இருந்தனர். நாவிதர் குலத்து உபாலியும் இருந்தார். அனைவருக்கும் ஒரே சீவரம். கந்தை அங்கே குலக்குறியாக இல்லை, குலக்குறியை அழித்தது.

இன்னொன்றும் காண்க. எல்லாப் பிக்குகளும் வாழ்நாள் முழுவதும் கந்தைச் சீவரமே அணிய வேண்டுமென்று கட்டாய விதி செய்யும்படி தேவதத்தன் பகவானிடம் கேட்டான். பகவான் மறுத்துவிட்டார். விரும்புவோர் கந்தை அணியலாம். இல்லறத்தார் தரும் புதுத் துணியையும் ஏற்கலாம் என்பதே அவருடைய தீர்ப்பு. எளிமையைத் தானே மேற்கொள்வது தம்மம். அதனைப் பிறர்மேல் சுமத்துவது தேவதத்தன் வழி. இன்று பல கார்களை வைத்துக்கொண்டு ஏழைக்குச் சிக்கனம் போதிப்போரையும், தன் வீட்டில் குறைத்துக்கொண்டு பிறர்க்குச் சொல்வோரையும் வேறுபடுத்தி அறிய இவ்வரலாறு போதுமானது.

பாபாசாகேப் அம்பேத்கரும் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டவர். 1927 இல் மகாடில் கூடிய பெண்களிடம், குலத்தைக் காட்டும் உடையையும் அணியையும் விட்டொழிக்கச் சொன்னார். உடையில் ஒட்டுப் போட்டிருந்தாலும் தாழ்வில்லை, தூய்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. எனவே அவர் பழந்துணியை வெறுக்கவில்லை. இழிவின் அடையாளத்தையே வெறுத்தார்.

பொருளுக்கு ஏறும் இழிவும் பெருமையும் மனிதர் கற்பித்தவையே என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு மஞ்சள் பை. ஒரு காலத்தில் மஞ்சள் பையோடு பட்டணம் வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று நகைத்தனர். ஞெகிழிப் பைகள் சாக்கடையை அடைத்து மாட்டின் வயிற்றையும் நிரப்பியபின், 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கியது. பை மாறவில்லை, பார்வை மாறிற்று.

4. யாருக்கு எவ்வளவு?

1990 முதல் 2015 வரையிலான கரியமில வாயுக் கணக்கை ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2020 இல் வெளியிட்டது. உலக மக்களில் செல்வம் மிகுந்த பத்து விழுக்காட்டினர் பாதிக்கு மேற்பட்ட வாயுவுக்குக் காரணமாயினர். ஏழைகளான பாதிப்பேர் சேர்ந்து ஏழு விழுக்காட்டிற்கே காரணமாயினர். ஆகவே இப்பாடத்தின் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவாக ஏறாது. ஒரே சேலை உள்ளவளுக்கு இரண்டாவது சேலை தேவை. பெட்டி நிறையச் சேலை வைத்திருப்பவள் அடுத்ததை வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும், நாம் குறைவாகவே கெடுத்தோம் என்று வாளாவிருத்தலும் ஆகாது. நம்மிலும் பலர் இன்று படித்து, பதவி பெற்று, வசதியோடு வாழ்கின்றனர். நம் வீட்டுக் குப்பையும் ஒரு கைக்குச் செல்கின்றது. மேலும், ஏரி வற்றினால் முதலில் குடமேந்தி நிற்பது சேரிதான். குப்பை மேடு எழும்பினால் அதன் அடிவாரத்தில் இருப்பதும் சேரிதான். மகாடில் பொதுக்குளத்து நீருக்காக உரிமைப்போர் புரிந்த வழியில் வந்தவர்கள், அந்நீர் கெடுவதைப் பிறர் காரியமென்று விடலாமா?

5. இல்லத்தில் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, துணி வாங்குமுன் நான்கு வினாக்களையும் ஒருமுறை கேட்டுக்கொள்க. விலை சற்றுக் கூடினும் நீடித்து உழைக்கும் துணியே கணக்கில் மலிவு.

இரண்டாவது, பழைய துணியைப் பிறர்க்குத் தரும்போது துவைத்து, கிழிசல் தைத்து, பொத்தான் வைத்து, மடித்துத் தருக. நம் தமக்கைக்குத் தரக் கூசும் துணியை வேறெவருக்கும் தரற்க. தர இயலாததைத் துடைக்கும் துணியாக்குக.

மூன்றாவது, ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் வீட்டிலேயே பிரித்து வைக்க. உடைந்த கண்ணாடி, சவர அலகு, ஊசி ஆகியவற்றைத் தனியே தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே எழுதித் தருக. குப்பை பெற வருபவரைப் பெயர் சொல்லி, அண்ணா, அக்கா என்று முறையோடு அழைக்க.

நாலாவது, வைசாக நாளிலும், தம்ம தீட்சை நாளாகிய அக்டோபர் 14 அன்றும் விகாரையில் நடக்கும் உணவு தானத்தில் இலையும் எவர்சில்வர் தட்டும் குவளையும் பயன்படுத்துக. விழா முடிந்தபின் ஞெகிழிக் குவளைகளைத் தெருவில் விட்டு வந்தால், மறுநாள் அதனைப் பெருக்குவது நம்மவரே. பூசித்த மலர்களைத் தொட்டியில் இட்டு எருவாக்குக.

ஐந்தாவது, கையுறையும் கூலி உயர்வும் மருத்துவ வசதியும் வேண்டித் துப்புரவுத் தொழிலாளர் மனுக் கொடுக்கும்போது, அம்மனுவில் கையெழுத்திடுக. வீட்டுச் சிக்கனம் இப்பணிக்கு ஈடாகாது.

6. பயில்வோர்க்கு வினாக்கள்

1. நிலைபேறு பற்றிய 1987 அறிக்கை யாருடைய தேவைக்கு முதலிடம் தந்தது?
2. தேவதத்தன் கேட்ட விதியைப் பகவான் ஏற்காதது ஏன்?
3. மனு விதித்த கந்தைக்கும் பிக்கு அணிந்த கந்தைக்கும் வேறுபாடு யாது?
4. உங்கள் வீட்டிலிருந்து நேற்று வெளியே சென்ற பொருள்களைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றும் யார் கைக்குச் சென்றது என்று எதிரே எழுதுக.

நாலாவது வினாவிற்கு விடையெழுதியோர் அதனை அடுத்த ஞாயிறு வகுப்பிற்குக் கொண்டு வருக. எழுத இயலாத பெரியோர் வாயால் சொல்லலாம்; அருகிருக்கும் பிள்ளைகள் எழுதித் தருவர். எதிர்ப்பக்கத்தில் எழுத இடமிருந்தும் பெயர் தெரியாமல் நிற்கும் வரிகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போம். அப்பெயர்களை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் முதற்படி.